தத்தெடுத்த கிளி கூண்டு மூலையை விட்டு வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அப்பு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு வயது 11. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. பாலக்காட்டில் ஒரு பெரியவர் வளர்த்தது. அவர் காலமானபின் பிள்ளைகளால் பார்த்துக்கொள்ள முடியாமல், கைமாறி, கோயம்புத்தூருக்கு எங்களிடம் வந்து சேர்ந்தான். முதல் ஒன்பது நாள் அவனிடமிருந்து வந்தது இரண்டே சத்தம். கிட்டே போனால் நாய்க்குட்டி மாதிரி ஓர் உறுமல். ராத்திரி விளக்கை அணைத்ததும் ஒரு வயதானவரின் வறட்டு இருமல். முதல் நாள் அந்த இருமலைக் கேட்டு என் மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"குஞ்சா வாங்கியிருந்தா பழகியிருக்கும், வளர்ந்தது பழகாது" என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னார்கள். பழகும். ஆனால் குஞ்சுக்குச் செய்வதை இதற்குச் செய்தால் பழகாது. கையில் எடுத்துத் தடவிக்கொண்டே இருந்தால் பயம் தெளிந்துவிடும் என்பதுதான் நான் கேட்டதிலேயே மோசமான யோசனை. தப்பிக்க வழியில்லாமல் பிடித்து வைத்தால் கிளி அசையாமல் உட்காரும், உண்மை. அது பழகியதற்கு அடையாளம் இல்லை, நம்பிக்கை விட்டுப்போனதற்கு அடையாளம்.

தொடங்குமுன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களிடம் வந்திருப்பது கழுத்தில் வளையம் போட்ட நம்மூர்ப் பச்சைக்கிளி என்றால் அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். ஜன்னலைத் திறந்து பறக்க விட்டுவிடாதீர்கள், கூண்டில் வளர்ந்ததற்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடம் தப்பவும் தெரியாது. வெளிநாட்டுக் கிளிகளில் பட்ஜி, காக்கடெயில் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை சைட்டிஸ் (அழிய வாய்ப்புள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் வருபவை. 2024-இல் வந்த விதிகள்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். சாம்பல் கிளியோ 2017 முதல் அந்தப் பட்டியலின் முதல் இணைப்பிலேயே, அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான பிரிவிலேயே இருக்கிறது. காகிதம் இல்லாமல் சும்மா தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

முதலில்: இது பயமா, நோயா?

பயந்த கிளி இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒல்லியாய், உயரமாய் நிற்கும். கண் அகலத் திறந்திருக்கும். நோயுற்ற கிளி இறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி இருக்கும். பகலில் கண் சொருகும், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கும், கூண்டின் தரையில் போய் உட்காரும். சிக்கல் என்னவென்றால், பறவைகள் ஆள் பார்க்கும்போது நோயை மறைக்கும். அதனால் நேரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கைபேசியை வீடியோவில் போட்டுக் கூண்டுக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அந்த அறையை விட்டுப் போய்விடுங்கள். நீங்கள் போன பத்து இருபது நிமிடத்தில் உதறிக்கொண்டு, இறகு கோதி, கிண்ணத்துக்குப் போனால் அது பயம். யாரும் இல்லாதபோதும் அதே உப்பல், அதே தூக்கம் என்றால் பறவை பார்க்கும் மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

இன்னொரு கருவி சமையலறைத் தராசு. வந்த அன்றே பயணக் கூண்டோடு எடை போட்டு, கிளியை மாற்றியபின் காலிக் கூண்டின் எடையைக் கழியுங்கள். சாம்பல் கிளி பெரும்பாலும் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். அப்பு 438. வந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் "பயந்திருக்கு, சரியாயிடும்" என்று காத்திருக்கக் கூடாது. எச்சத்தையும் பாருங்கள். பச்சையாகத் திடப்பகுதி, வெள்ளையாகச் சுண்ணாம்பு போல ஒன்று, சுற்றிலும் தெளிந்த நீர் என மூன்றும் தெரிய வேண்டும். பயத்தில் நீர் அதிகமாவது சகஜம், நிறம் மாறுவது சகஜமில்லை. கிளி வந்த சில வாரங்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், கிளி வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிட்டகோசிஸ் என்ற தொற்று கிளியிலிருந்து மனிதருக்கு வரும்.

அறிகுறி: கூண்டருகே போனாலே பின்மூலையில் ஒட்டிக்கொள்கிறது, உறுமுகிறது, கம்பியில் மோதுகிறது

முதலில் கூண்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். கிளி இரையாகும் பிராணி, அதன் கண்கள் தலைக்கு இரு பக்கமும் இருப்பதே எல்லாத் திசையையும் கவனிக்கத்தான். நடு ஹாலில், நாலு பக்கமும் திறந்தபடி வைத்தால் அதற்கு முதுகு வைக்க இடமே கிடையாது. ஒரு பக்கமாவது சுவரோடு சேர்த்து வையுங்கள், கூண்டின் பின்பாதி மேல் ஒரு பருத்தித் துணியைப் போடுங்கள். ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள். அப்பு அடிக்கடி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்தபடி உறைந்து போவான். ஏன் என்று இரண்டு நாள் புரியவில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கரும்பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. கூண்டை உள்சுவருக்கு மாற்றிய அன்றே பாதி உறுமல் நின்றது.

சமையலறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். சாம்பிராணி, கொசுவர்த்தி, ஊதுபத்தி எல்லாமே பறவையின் நுரையீரலுக்குக் கெடுதல். அதிகமாகக் காய்ந்த நான்ஸ்டிக் பாத்திரத்திலிருந்து வரும் ஆவி சில நிமிடத்தில் கொன்றேவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி எங்கள் வீட்டில் இப்போது மொட்டைமாடிக்குப் போய்விட்டது. மாமியாருக்கு வருத்தம்தான்.

அடுத்து தூரம். எங்கள் ஹாலில் இரண்டடி டைல்ஸ். கூண்டிலிருந்து எண்ணினால் ஐந்தாவது டைல்ஸில் நான் கால் வைத்ததும் அப்புவின் கழுத்து நீளும். மூன்றாவதில் உறுமுவான். ஆக எனக்கு வேலை ஆறாவதில். அங்கே நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நிற்பேன், ஏனென்றால் இரண்டு கண்ணாலும் முறைத்துப் பார்ப்பது பூனையும் பருந்தும் செய்கிற வேலை. அவன் எதையாவது தளர்வாகச் செய்யும்வரை காத்திருப்பேன். கண் சிமிட்டல், ஒரு காலை மாற்றி வைத்தல், இறகை உதறல், அலகைத் தேய்த்தல், எதுவானாலும் போதும். செய்த உடனே திரும்பி நடந்துவிடுவேன்.

நான் விலகுவதுதான் அவனுக்குப் பரிசு. பயந்த கிளிக்கு நீங்கள் கொடுக்கும் கடலையைவிட நீங்கள் போய்விடுவது பெரிய பரிசு. உறுமும்போது விலகினால் உறுமினால் வேலை நடக்கும் என்று கற்றுக்கொள்ளும். தளரும்போது விலகினால் தளர்ந்தால் போதும் என்று கற்றுக்கொள்ளும். ஒருவேளை தப்பாகக் கிட்டே போய் உறுமல் வாங்கிவிட்டீர்கள் என்றால் அங்கேயே நின்று பிடிவாதம் பிடிக்காமல் ஓரடி பின்வாங்கி, அங்கே தளர்வுக்குக் காத்திருங்கள். நாளைக்கு ஆறேழு தடவை, ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், பால்கனிக்குத் துணி எடுக்கப் போகிற வழியில் செய்யலாம். எனக்கு ஆறிலிருந்து ஒன்றுக்கு வர ஏழு வாரம் ஆனது.

தண்ணீர் மாற்றுவது, தட்டு கழுவுவது போன்ற தவிர்க்க முடியாத வேலைகளுக்கு ஒரே நேரம், ஒரே சொல். "அப்பு, தண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் கை நீளும். சொல்லாமல் ஒரு நாளும் கை நீளாது. என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் பயம் பாதியாகும்.

அறிகுறி: நீங்கள் இருக்கும்வரை சாப்பிடுவதில்லை

கிண்ணத்தைக் கூண்டின் மேல்பகுதியில், பின்பக்கமாக மாற்றுங்கள். தரையில் இறங்கிச் சாப்பிடப் பயந்த கிளிக்குத் தைரியம் வராது. பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே கொடுங்கள், வெறும் சூரியகாந்தி விதையாக இருந்தாலும் சரி. ஊட்டச்சத்தைச் சரிசெய்ய இது நேரமில்லை. முளைகட்டிய பாசிப்பயறு, கேரட், முருங்கைக்கீரை எல்லாம் எடை நிலைத்தபின் மெல்ல வரட்டும். வந்ததிலிருந்து முழு நாளும் ஒன்றும் தின்னவில்லை என்று வீடியோவில் உறுதியானால் மருத்துவர்.

அறிகுறி: கையிலிருந்து வாங்கமாட்டேன் என்கிறது, அல்லது வாங்கிக் கீழே போடுகிறது

கீழே போட்டால் அதற்குத் தீனி பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வாயில் ஒன்று இருந்தால் கடிக்க முடியாது, தப்பிக்கவும் அலகு வேண்டும். உங்கள் கை இன்னும் அதிகக் கிட்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

எது ரொம்பப் பிடிக்கும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒரே தட்டில் ஏழெட்டுப் பண்டம் போட்டு மூன்று நாள் பாருங்கள், தினமும் முதலில் காலியாவது எது? அதைக் கிண்ணத்தில் போடுவதை நிறுத்திவிடுங்கள். இனி அது உங்களிடமிருந்து மட்டும்தான். அப்புவுக்குப் பழுத்த சிவப்பு மிளகாய். காரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், மிளகாயின் கேப்சைசின் பறவைகளுக்கு உறைக்காது.

முதலில் கிண்ணத்தில் போட்டுவிட்டு நகர்ந்தேன். பிறகு போட்டுவிட்டு இரண்டு டைல்ஸ் தள்ளி நின்றேன். கையிலிருந்து கொடுக்கும் கட்டத்தில்தான் ஒரு தந்திரம் கைகொடுத்தது: பயத்தங்காய். ஒன்றரை அடி நீளக் காய். ஒரு முனை என் விரலில், மறுமுனை கம்பிக்குள். அவனுக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு முழம். அவன் நுனியைக் கடித்து இழுப்பான், நான் உடனே விட்டுவிடுவேன். இழுபறி கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காயை இரண்டு விரற்கடை ஒடித்துச் சிறிதாக்கினேன். ஒரு சாண் ஆனபோது ஒரு நாள் முழுக்க வாங்கவில்லை, மறுபடி நீளக் காய்க்குப் போனேன். பயத்தங்காயிலிருந்து காம்போடு மிளகாய்க்கு வந்தோம், அதிலிருந்து பாதாம் துண்டுக்கு. பாதாம் துண்டை விரலிலிருந்து அவன் எடுத்தபோது அந்தக் கறுப்பு அலகு தோலில் படவேயில்லை. உலர்ந்த நாக்கு மட்டும் ஒரு கணம் பட்டது.

அறிகுறி: தீனி வாங்குகிறது, ஆனால் கையில் ஏறச் சொன்னால் கடிக்கிறது

இங்கேதான் பெரும்பாலானோர் கெடுக்கிறார்கள், நானும் கெடுத்தேன். கிளிக்கு அலகு மூன்றாவது கால். புதிய கிளையில் ஏறுமுன் அலகால் பிடித்து, கிளை ஆடுமா தாங்குமா என்று சோதிக்கும். உங்கள் கையையும் அப்படித்தான் சோதிக்க வருகிறது. நீங்கள் கடிக்கத்தான் வருகிறது என்று பதறிக் கையை இழுக்கிறீர்கள். கிளிக்குக் கிடைக்கும் செய்தி, இந்தக் கிளை நம்பக்கூடியதல்ல. அடுத்த தடவை நிஜமாகவே கடிக்கும்.

சோதனைக்கும் கடிக்கும் வித்தியாசம் தெரியும். சோதனைக்கு வரும்போது உடம்பு முன்னே சாய்ந்து, இறகு தளர்ந்து, அலகு மெல்லத் திறந்து வரும். கடிக்கு முன் உடம்பு விறைக்கும், கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும், பிடரி இறகு சிலிர்க்கும் அல்லது எல்லா இறகும் ஒட்டிக்கொள்ளும், தலை தாழும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கையை மெதுவாக எடுத்துவிடுங்கள். "விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறிவிடும்" என்பார்கள். சின்னக் குறிப்புகளை ஒருவரும் மதிக்காததால்தான் கடிக்க வேண்டியிருக்கிறது என்பது என் அனுபவம்.

விரலைக் காட்டாமல் முன்கையைக் காட்டிப் பாருங்கள். அகலமானது, ஆடாதது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம், கையுறை வேண்டாம். கையுறை போட்ட கையை அது பழகினாலும் வெறுங்கையை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். வயிற்றில் கையை அழுத்தி ஏற வைப்பது பழகிய கிளிக்குச் சரி, இதற்கு வேண்டாம். முன்கையை அது உட்கார்ந்திருக்கும் கிளையின் உயரத்துக்குக் கொண்டுபோய், ஒரு கையகலத் தூரத்தில் நிறுத்துங்கள். மறுகையில் தீனி, அதை எட்ட ஒரு காலை முன்கையில் வைக்க வேண்டிய இடத்தில். ஒரு கால் வைத்தால் கொடுங்கள், காலை எடுத்துக்கொண்டாலும் கொடுங்கள். ஏறியதும் தூக்கிக்கொண்டு நடந்துவிடாதீர்கள், முதல் சில நாள் ஏறிய இடத்திலேயே இறங்கட்டும்.

கடித்துவிட்டதா? அலறாதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால்தான் தோல் கிழியும். அருகில் உள்ள கிளையில் இறக்கிவிட்டுப் பேசாமல் போய்விடுங்கள். மண்டையில் தட்டுவது, முகத்தில் ஊதுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் வாரக்கணக்கான உழைப்பை ஒரு நொடியில் அழிக்கும்.

தடவத் தோன்றும்போது தலையும் கழுத்தும் மட்டும். முதுகு, வால் அடி, இறக்கைக்குக் கீழே தொட்டால் கிளி அதை இணை சேர அழைப்பாக எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து வேறு வகைத் தொல்லைகள் கிளம்பும்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட ஆளையோ பொருளையோ கண்டால் மட்டும் வெறி பிடித்தாற்போல் ஆகிறது

தினமும் காலை ஏழரைக்கு அப்பு தரையில் விழுந்து மல்லாந்து கத்துவான். பால்காரர் பைக் என்று நினைத்தோம், பிறகு குக்கர் விசில் என்று. கைபேசியை வைத்துப் பதிவு செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது: மாமியார் கையிலிருந்த ஈர்க்குமாறு. பாலக்காட்டில் என்ன நடந்ததோ யாருக்குத் தெரியும். தலைக்குக் குளித்துத் துண்டு கட்டி வந்தாலும், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வந்தாலும் இதே கதை சில கிளிகளுக்கு உண்டு. காரணத்தைத் தோண்ட வேண்டியதில்லை, பொருளைக் கண்டுபிடித்தால் போதும்.

அது ஒரு வாரம் கண்ணில் படாமல் இருக்கட்டும். பிறகு ஹாலின் கோடியில் படுக்கை வசமாக வையுங்கள். வைத்தபின் தீனி. இந்த வரிசை முக்கியம். துடைப்பம் முதலில், மிளகாய் பிறகு. நான் முதலில் தலைகீழாகச் செய்தேன், மிளகாயைக் கொடுத்துவிட்டு மாமியாரை உள்ளே கூப்பிட்டேன். நாலே நாளில் மிளகாயைப் பார்த்தாலே உறுமத் தொடங்கினான், மிளகாய் வந்தால் துடைப்பம் வரும் என்று. வரிசையை மாற்றியபின், நாளுக்கு ஒரு டைல்ஸ் என்று நகர்த்தி, கடைசியில் நிமிர்த்தி, அதற்கும் பிறகுதான் கையில் எடுத்து அசைத்தோம்.

ஆளைக் கண்டால் பயம் என்றால் இனி தீனி கொடுப்பது அந்த ஆளின் வேலை. வேறு யாரும் கொடுக்கக் கூடாது. என் கணவரை மூன்று வாரம் மிளகாய் டியூட்டியில் போட்டேன்.

அறிகுறி: நடுராத்திரி திடீரென்று இறக்கையை அடித்துக்கொள்கிறது

காக்கடெயிலுக்கு இது சாதாரணம், மற்றவற்றுக்கும் வரும். பல்லி, எலி, தெருவில் போகும் வண்டி விளக்கு, தீபாவளி வெடி, எதுவும் காரணமாகலாம். மங்கலான இரவு விளக்கு ஒன்று போடுங்கள், கூண்டை முழு இருட்டில் மூடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும், டிவி ஓடும் ஹாலில் அது கிடைக்காது. அடித்துக்கொள்ளும்போது கையை உள்ளே விடாமல் விளக்கைப் போட்டுத் தாழ்ந்த குரலில் பேசுங்கள். அடங்கியபின் இறக்கையைப் பாருங்கள். ரத்தம் கசிந்தால் மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளார்) அழுத்தி வையுங்கள், நிற்காவிட்டால் மருத்துவர்.

அறிகுறி: வெளியே வந்துவிட்டது, கூண்டுக்குத் திரும்பமாட்டேன் என்கிறது

கதவைத் திறக்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள். நிறுத்தினீர்களா என்று மறுபடி ஏறிட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் பறக்கும் கிளிக்கு முதல் எமன் சீலிங் ஃபேன். ஜன்னல், சமையலறைக் கதவு, கண்ணாடி மேல் திரை எல்லாம் அதற்கடுத்து.

துண்டைப் போட்டுப் பிடித்தால் அன்றைய பிரச்சினை தீரும், அடுத்த ஒரு மாதம் வீணாகப் போகும். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு வெளியே விட்டால் பசியே அழைத்துப் போகும். கூண்டுக்குள் கிண்ணத்தில் தீனி விழும் சத்தம் கேட்கட்டும். உள்ளே போனதும் படக்கென்று கதவைச் சாத்தாதீர்கள். போய், தின்று, மறுபடி வெளியே வர முடிகிற நாட்கள் சில இருந்தால்தான் உள்ளே போவதைப் பொறி என்று நினைக்காது.

அறிகுறி: நெஞ்சு இறகைப் பிடுங்கிக்கொள்கிறது

அலகு எட்டும் இடமெல்லாம் மொட்டை, தலை மட்டும் முழுசாக இருந்தால் அதுவே பிடுங்குகிறது. எட்டாத தலையிலும் இறகு இல்லை என்றால் நோயாக இருக்கலாம். இரண்டிலும் முதலில் மருத்துவர், பிறகுதான் மனசு. சாம்பல் கிளிகளுக்குக் கால்சியம் குறைவது அடிக்கடி நடக்கும், கண்ணாடி வழியாக வராத நேரடி வெயில் தினமும் கொஞ்சம் வேண்டும். கொய்யாக் கிளை, கிழிக்க அட்டைப்பெட்டி, தென்னம்பாளை என்று வாய்க்கு வேலை கொடுங்கள். பிடுங்கும்போது "சூ, சூ" என்று ஓடிவந்தால் அதையே கூப்பிடும் வழியாக வைத்துக்கொள்ளும்.

அறிகுறி: நன்றாகப் பழகி வந்தது, திடீரென்று பழையபடி ஆகிவிட்டது

இறகு உதிரும் காலமா, புதிதாக முளைக்கும் இறகைத் தொட்டு வலிக்கிறதா, வீட்டுக்கு விருந்தாளி வந்தார்களா, சோபாவை நகர்த்தினீர்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எடையையும் ஒருமுறை போடுங்கள். எதுவும் இல்லை என்றால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

அப்பு கையில் ஏறத் தொடங்கி ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். கூட்டம், மேளம், குழந்தைகள் கூண்டைச் சுற்றி. மறுநாள் காலிங் பெல் அடித்தபோது வழக்கமாகச் சொல்லும் "ஆரா?" வரவில்லை. கிட்டே போனேன், உறுமினான். சரி என்று மறுபடி ஆறாவது டைல்ஸுக்குப் போய்ப் பக்கவாட்டில் நின்றேன். முதல் தடவை ஏழு வாரம் ஆனது. இந்தத் தடவை நாலு நாள்.